மாடில்லாத கௌபாய்

சூலூர்ப் பக்கம் மாடு மேய்ப்பவருக்குப் பெயர் மாட்டுக்காரர். கௌபாய் என்ற பெயர் எங்கள் கட்டுத்தரைக்கு வரவே இல்லை. நேராகச் சினிமாக் கொட்டகைக்குப் போய்விட்டது. தொப்பி, கழுத்தில் முடிந்த துணி, இடுப்பில் துப்பாக்கி, ஏறிப்போகக் குதிரை. இவ்வளவு இருந்தால் அது கௌபாய் படம். மாடு எங்கே என்று டிக்கெட் வாங்கியவர் யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் அது மாடு மேய்க்கும் பையனைக் குறித்த சொல். ஜோனதன் ஸ்விஃப்ட் 1725-லேயே அதை எழுதியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபின், டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிவரை மந்தை ஓட்டிய கூலியாட்களுக்கு அதுவே பெயராக நிலைத்தது. அந்தத் தொழிலில் அவர்களுக்கு முன்னோடி மெக்சிகோவின் வாகேரோக்கள். அந்த ஸ்பானியச் சொல்லுக்குள் 'வாகா' என்ற பசு நிற்கிறது, நம் ஆயருக்குள் 'ஆ' நிற்பதைப் போல.

மந்தை கவர்வதும் மீட்பதும் நமக்கும் பழைய கதைதான். இலக்கணம் அவற்றுக்கு வெட்சி, கரந்தை என்று பூப்பெயர் சூட்டியது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் மந்தையைத் 'தொறு' என்கின்றன. தொறு மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எழுந்த கற்கள் அங்கே பல. ஆனால் திரையில் குதிரையேறி வந்தவனுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் வாய்க்கவில்லை. நாமக்கல் கவிஞரின் நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954-ல் படமாக்கியபோது, எம்.ஜி.ஆர். 'மலைக்கள்ளன்' ஆனார். கௌபாய்க்கு முன்னால் நம் ஊர்க் குதிரைக்காரன் கள்ளன்தான்.

1970-ல் பாதை இரண்டாகப் பிரிந்தது. பொங்கலுக்கு 'மாட்டுக்கார வேலன்' வந்தது. அதில் மாடு உண்டு. அதே ஆண்டு ஒளிப்பதிவாளர் கர்ணன் நடிகர் ஜெய்சங்கரை வைத்து 'காலம் வெல்லும்' என்ற கௌபாய் படம் எடுத்தார். பிறகு 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா'; 1975-ல் 'எங்க பாட்டன் சொத்து'. தலைப்புகளைப் பாருங்கள். ஒன்று ஆற்றின் பெயர், ஒன்று குலசாமி பெயர், ஒன்று வாய்க்கால் வரப்புத் தகராறில் காதில் விழுகிற பேச்சு. உடுப்பு டெக்சாஸ், பெயர் நம் வீட்டுப் பெயர்.

இந்தப் படங்களின் கவர்ச்சியே அங்கேதான் இருக்கிறது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1964-ல் ஸ்பெயினின் பொட்டல்வெளியை அமெரிக்க-மெக்சிகோ எல்லை என்று காட்டினார். 'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' என்று கேலிப்பெயர் கிடைத்தது, பின்னர் அதுவே மரியாதைப் பெயரானது. நமக்கும் பாறை, முள்ளுக்காடு, புழுதி போதுமாக இருந்தன. பெரிய அரண்மனை செட் வேண்டாம். குதிரைக் குளம்படியில் எழும் தூசிக்குள் கேமராவைக் கொண்டுபோகத் தெரிந்த கர்ணனே இயக்குநராகவும் இருந்தார். பழிவாங்கும் கதை மூன்று வரிதான், மீதியெல்லாம் ஓட்டம். காசு குறைந்ததை வேகம் ஈடுகட்டியது.

2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது, ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றும் வில்லனுக்குக் கிழக்குக்கட்டை என்றும் பெயரிட்டார். லியோனே படங்களின் நாயகன் ஈஸ்ட்வுட்டின் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிழக்குக்கட்டை. சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பழைய படங்கள் தெரிந்திருந்தன.

ஆகவே தமிழ் அகராதிக்காரர்கள் கௌபாய்க்கு 'மாட்டிடையன்' என்று மட்டும் பொருள் எழுதினால் அது அரைகுறை. 'தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வரும் திரைநாயகன்' என்பதே தமிழில் அதற்கு முதற்பொருள்.