அச்சமும் சர்க்கரையும்

தேர்வு மண்டபத்தினுள் நுழையும்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் நீங்கள் அறிந்தவையே. ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் இருந்த நான், இவற்றை மாணவரிடம் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்நேரத்தில் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மாறுதலும் நிகழக்கூடும். குருதியில் சர்க்கரை மிகும். அச்சம் உள்ளத்தைச் சார்ந்தது. சர்க்கரையோ உடலைச் சார்ந்தது. இரண்டையும் இணைப்பது யாது? இவ்வினாவின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

முதுகெலும்பின் இருமருங்கிலும் சங்கிலிபோல் அமைந்த நரம்புத் தொடர் ஒன்று உண்டு. உறுப்புகள் ஒன்றன் நிலையை மற்றொன்று உணர இதுவே வழி என்று கருதி, 1732-ஆம் ஆண்டில் வின்ஸ்லோ என்பார் இதற்குப் 'பரிவு நரம்பு' எனப் பொருள்படும் பெயரிட்டார்.

1849-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு, முயலின் மூளையடியில் குறிப்பிட்ட ஓரிடத்தை ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது! கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது என்பதையும் அவரே 1857-இல் நிறுவினார். களஞ்சியம் கல்லீரல், அதைத் திறக்கும் ஆணை நரம்பினின்று வருகிறது என்ற எண்ணம் இவ்வாறு உருவாயிற்று.

1901-இல் ஜப்பானியரான தாக்கமினே, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியினின்று அட்ரினலினைப் பிரித்தெடுத்தார். அச்சுரப்பியின் சாறும் சிறுநீரில் சர்க்கரையைத் தோற்றுவிக்கும் என்று அதே ஆண்டில் புளூம் கண்டார்.

இவற்றை ஒன்றுசேர்த்தவர் ஹார்வார்டுப் பேராசிரியர் வால்டர் கேனன். நாய் குரைப்பைக் கேட்டு அஞ்சிய பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதை 1911-இல் அவர் கண்டார். 1913-இல் கால்பந்துப் போட்டி முடிந்தவுடன் 25 வீரர்களைச் சோதித்தபோது, 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அவர்களுள் ஐவர் களத்தில் இறங்காமலே இருந்த மாற்று ஆட்டக்காரர்கள்! கடினமான தேர்வெழுதிய மருத்துவ மாணவர் ஒன்பதின்மருள் நால்வரிடமும் அவ்வாறே காணப்பட்டது; எளிய தேர்வுக்குப் பின்னரோ ஒருவரிடம் மட்டுமே.

எனினும் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அட்ரினல் சுரப்பியின் பங்கைக் கேனன் மிகைப்படுத்துகிறார் என்று ஸ்டூவர்ட்டும் ரோகாப்பும் வாதிட்டனர். கேனன் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார். பரிவு நரம்புத் தொடரை முற்றிலும் நீக்கிய பூனைகள் உயிர் வாழ்ந்தன என்று 1929-இல் அவர் குழுவினர் எழுதினர். கதகதப்பான, அமைதியான கூடத்தில் அவை நலமாகவே இருந்தன. ஆனால் குளிரில் உடல் வெப்பத்தை அவற்றால் காக்க இயலவில்லை. இயல்பான நாளில் இன்றியமையாதது எனத் தோன்றாத இந்நரம்பு, இடர்வந்த நாளில்தான் தன் பயனைக் காட்டுகிறது.

பின்னர், நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன என்பதை 1946-இல் ஆய்லர் கண்டறிந்தார். அட்ரினலின் கல்லீரல் உயிரணுவினுள் எவ்வாறு செய்தி அனுப்புகிறது என்பதைச் சதர்லாண்டு விளக்கி, 1971-இல் நோபெல் பரிசு பெற்றார். நரம்பு நேராகவும், சுரப்பி குருதி வழியாகவும் களஞ்சியத்தைத் திறக்கின்றன என்பதே இன்றைய தெளிவு; கொழுப்பும் அவ்வாணையால் கரைகிறது.

ஓடுவதற்கும் போராடுவதற்கும் உடல் திரட்டித் தரும் பொருள் இது. தேர்வு மண்டபத்திலோ ஓட்டமும் இல்லை, போராட்டமும் இல்லை. ஆகவே, நெஞ்சு படபடக்கும்போது அதைக் கோழைமை என்று எண்ணி நாணாதீர்கள். உங்கள் உடல் உங்களுக்குத் துணைநிற்க முனைகிறது என்று அறிந்து, அமைதியாக எழுதத் தொடங்குங்கள்.