இரண்டாவது விமானி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. நீரில் ஊறிய கனத்த தோலை ஒருவரே தூக்க முயன்றால் முதுகு நோகும். இருவர் இரு முனையையும் பற்றினால் வேலை எளிதாகும். இதே வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு சிறு விமான ஓடுதளம் உண்டு. சிறு விமானத்தைச் செலுத்த ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? இவ்வினாவிற்கும் ஒரு வரலாறு உண்டு.

1932 அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா தாம் ஒருவராகவே சிறு விமானம் ஒன்றைச் செலுத்தி, அஞ்சல் பைகளைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வழிகாட்டும் வானொலிக் கருவிகள் அவர்களுக்கு இல்லை. பகலொளியில் தரையைக் கண்டே பறந்தனர். தவறு நேரின் விமானியின் உயிரே பணயம்.

பின்னர்ப் பயணிகள் ஏறினர். இரவிலும் மேகத்தினூடும் பறத்தல் வழக்கமாயிற்று. 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் வழியே பன்னாட்டு விதிகள் எழுந்தன. இன்றுள்ள அவ்விதிகளின்படி, வாணிக விமானத்தை இரவிலோ, கருவிகளை மட்டும் நம்பியோ ஒருவரே செலுத்த அரசின் ஒப்புதல் வேண்டும். அவ்விமானம் உந்துவிசிறி உடையதாய், பயணியர் இருக்கை ஒன்பதுக்கும், எடை 5,700 கிலோவுக்கும் மேற்படாததாய் இருத்தல் வேண்டும். உயரத்தையும் திசையையும் தானே காக்கும் தானியங்கி விமானியும் அதில் வேண்டும். அஃதாவது, மனிதத் துணை இல்லாவிடத்து இயந்திரத் துணையேனும் வேண்டும் என்பதே விதியின் கருத்து.

2002 மார்ச் 3ஆம் நாள், மக்களவைத் தலைவர் ஜி. எம். சி. பாலயோகி சென்ற சிறு ஹெலிகாப்டர் ஆந்திரத்தின் கைகலூர் அருகே வீழ்ந்தது; அதனைச் செலுத்தியவர் ஒருவரே. மற்றொருவர் உடனிருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர் என எவரும் துணிந்து கூறவியலாது. எனினும், ஓர் உள்ளத்தின்மீது எவ்வளவு சுமை ஏற்றலாம் என்னும் வினாவை அந்நிகழ்ச்சி எழுப்புகிறது.

இருவர் இருந்தால் மட்டும் போதுமா? 2009 செப்டம்பர் 2ஆம் நாள், ஆந்திர முதலமைச்சர் ஒய். எஸ். இராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டரில் விமானிகள் இருவர் இருந்தனர். எண்ணெய் அழுத்தத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கைக்கு விடை தேடிக் கையேட்டைப் புரட்டுவதில் அவர்கள் சில நிமிடங்கள் கருத்தைச் செலுத்தினர் என்று விசாரணை கண்டது. கொடிய வானிலையில் சிக்கிய ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் வீழ்ந்து, ஐவரும் மாண்டனர்.

ஆகவே, இரண்டாவது இருக்கையில் ஓர் ஆளை அமர்த்துவதோடு விதியின் நோக்கம் நிறைவேறுவதில்லை. ஒருவர் கையேட்டை நோக்கும்போது மற்றவர் வானை நோக்க வேண்டும். தலைமை விமானி தவறினால் துணை விமானி அஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டும். அதனைத் தலைவரும் செவிமடுக்க வேண்டும். தோலின் இரு முனையையும் இருவர் பற்றுவது போல, பொறுப்பையும் பகிர்ந்து பற்றுவதே துணை. இருவரும் ஒரே முனையைப் பற்றினால் மறுமுனை தரையிலேதான் கிடக்கும்.