கணினிக்குத் தமிழ் கற்பித்த வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மொழிபெயர்ப்பவரின் அருமை நன்றாகத் தெரியும். அக்காலத்தில் துரை ஆங்கிலத்தில் ஆணையிடுவார். பால்மரம் சீவும் நம் முன்னோருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இருவருக்கும் நடுவில் கிராணி நின்று, அந்தச் சொல்லை இந்தச் சொல்லாக மாற்றித் தருவார். அவர் சரியாகச் சொன்னால் வேலை சரியாக நடக்கும். ஒரு சொல் பிசகினால் ஒருநாள் கூலியே போய்விடும்.

கணினிக்கும் மனிதனுக்கும் நடுவிலும் அப்படியொரு கிராணி தேவைப்படுகிறது. கணினிக்கு நம் மொழி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. மனிதன் தனக்குப் புரியும் சொற்களில் எழுதும் ஏவல்களை இந்த இலக்கங்களாக மாற்றிக் கொடுக்கும் கருவிக்குக் 'கம்பைலர்' என்று பெயர். தமிழில் 'தொகுப்பி' என்பர். இதன் முன்னோடியை 1952ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் உருவாக்கினார். 1957இல் ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 'ஃபோர்ட்ரான்' மொழிக்குரிய தொகுப்பியை வெளியிட்டனர்.

இத்தகைய கருவி ஒருமுறை செய்து முடித்துவிடக் கூடியதன்று என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். புதிய எந்திரம் வந்தால் அதற்கேற்பக் கருவியைத் திருத்த வேண்டும். மொழியில் புதிய சொல் சேர்ந்தால் அதையும் கற்பிக்க வேண்டும். பிழை தெரியவந்தால் களைய வேண்டும். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட 'ஜி.சி.சி.' என்னும் தொகுப்பியைப் பல நாட்டவர் இன்றுவரை திருத்தி, ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிட்டு வருகின்றனர். ரப்பர்க் கன்றை நட்டால் மட்டும் போதுமா? களை எடுக்க வேண்டும், உரம் போட வேண்டும், பட்டையைப் பார்த்துச் சீவ வேண்டும். கருவிகளும் அப்படித்தான்.

ஆங்கிலத்துக்கு இவ்வளவும் நடந்தபோது தமிழின் நிலை என்ன? நம் எழுத்தையே கணினி அறியாதிருந்தது. அதை அறியச் செய்த வரலாற்றில், ஜொகூர் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு.

சிங்கப்பூரில் தமிழ் அச்சு பழமையானது. 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழ் 1887இல் அங்கே வெளிவந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர்களுக்கு 'அ' என்றால் 'அ' தான். ஆனால் கணினியில் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைக்க முடியும். தொடக்கத்தில் கணினி எழுத்துருக்களுக்கு 256 எண்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. நம் எழுத்துகளோ 247. எஞ்சிய இடத்துக்குள் தமிழை அடக்க முயன்ற ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் எண் கொடுத்தனர்.

இதனால் விளைந்த தொல்லையைப் பெரட்டுக் களத்தை வைத்தே விளக்கலாம். ஒரு தோட்டத்துப் பேரேட்டில் 101ஆம் எண் முனியம்மாவுக்கு உரியது. அடுத்த தோட்டத்தில் அதே எண் ராமசாமிக்கு உரியது. முதல் தோட்டத்து எண் பட்டியலை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கூப்பிட்டால், முனியம்மா வர வேண்டிய இடத்தில் ராமசாமி வந்து நிற்பார். அதுபோலவே, ஒருவர் தம் கணினியில் தட்டெழுதிய தமிழ்க் கடிதம், வேறு எழுத்துரு உள்ளவரின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இந்நிலையில் பணியாற்றியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ஆசிரியராக இருந்த அவர், பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். சிறுகதையும் நாவலும் எழுதிய அவர், கணினியில் தமிழ் எழுதுவதற்குக் 'கணியன்' என்னும் முறையை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கொக் யோங் ஆகியோர் அவருடன் ஒத்துழைத்தனர். அவர்கள் தமிழர் அல்லர். ஆயினும் ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கும் இணையத்தில் இடம் வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் இணையத்தில் தொடங்கி வைத்தார். அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே தோன்றின. இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களுள் அவையும் அடங்கும்.

ஆனால் எழுத்துரு ஒவ்வொருவருக்கும் ஒன்றாக இருக்கும்வரை தொல்லை தீராது என்பதைக் கோவிந்தசாமி அறிந்திருந்தார். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு, பல நாட்டுத் தமிழரை ஒரே மேசையில் அமர்த்தியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தது. அவ்வாண்டில்தான் 'தமிழ் 99' என்னும் பொது விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி காலமானார்.

தொடங்கியவர் மறைந்தபின் பணி என்னவாகும்? இந்தக் கேள்விக்குத் தமிழுலகம் அளித்த விடையே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி எனலாம். 2000 சூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியவர்கள், 'உத்தமம்' என்று சுருக்கி அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தை நிறுவினர். தனியொருவர் தோளில் இருந்த சுமையைப் பலர் தோளுக்கு மாற்றிய ஏற்பாடு அது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எண் பட்டியலான 'யூனிகோடு' 1991இலேயே தமிழையும் சேர்த்திருந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அப்பட்டியலில் 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. 'கி' என்று எழுதினால் 'க'வுக்குரிய எண்ணும் இகரக் குறிக்குரிய 3007ஆம் எண்ணும் அடுத்தடுத்து நிற்கும். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பேரேடு! தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோட்டை ஏற்றது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு; அவர்கள் விரும்பிய முறையும் அவ்வாணையில் இடம்பெற்றது.

அதோடு வேலை முடிந்ததா? இல்லை. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் பட்டியலில் சேர்ந்தது. பழைய நிலப் பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் வரும் பின்னங்களும் குறிகளுமாகிய 51 வடிவங்கள் 2019இல் சேர்ந்தன. நம் பாட்டன்மார் ஊரில் விட்டுவந்த காணியின் கணக்கையும் இன்று கணினியில் எழுதலாம்.

எழுத்து நிலைபெற்றதும் அதன்மேல் பல கட்டப்பட்டன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைத்தொலைபேசியில் தமிழ்ச் செய்தி அனுப்ப வழி செய்தது. முத்தையா அண்ணாமலையின் 'எழில்' என்னும் நிரல் மொழி 2013இல் வெளியானது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால் கணினி எழுத்தைத் திரையில் காட்டும். 'ஆனால்', 'இல்லை' என்று எழுதி நிபந்தனை சொல்லலாம். முழுவதையும் முன்கூட்டி மாற்றி வைக்கும் தொகுப்பி போலன்றி, ஏவலைப் படித்தபடியே நிறைவேற்றும் வகை அது. தமிழ் மட்டும் அறிந்த குழந்தையும் கணினிக்கு ஏவல் இடலாம் என்பதை அது காட்டியது. எழில் எழுதப்பட்டுள்ள 'பைத்தான்' என்னும் மொழியும் மாறாமல் இருக்கவில்லை. அதன் இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய பதிப்பில் எழுதியவர்கள் யாவரும் தம் நிரல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

பராமரிப்பு தவறினால் நேரும் இழப்பு நம் தோட்டப் பள்ளிகளுக்கும் தெரியும். பழைய எழுத்துருவில் தட்டெழுதிய வினாத்தாளையும் விழா மலரையும் புதிய கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் கிறுக்கல் தெரிகிறது. மாற்றித் தரும் கருவியும், அதைக் கையாளத் தெரிந்தவரும் உள்ளவரை அவற்றை மீட்கலாம். இரண்டும் இல்லாவிடில் அந்தத் தோட்டத்தின் நினைவே அழிந்துபோகும். தோட்டம் விற்கப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களில் அந்த மலர்தானே எஞ்சியிருக்கும் சான்று!

சிங்கப்பூர்த் தமிழர் இதை உணர்ந்து செயல்பட்டனர். நாடு விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டான 2015இல், 1965 முதல் வெளியான ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தின் வழியாக எல்லாருக்கும் கிடைக்கச் செய்தனர். தொண்டர்கள் பலர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தனர். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கூடும் தமிழகத் தொழிலாளர்கள், ஊரிலுள்ள மனைவி மக்களுக்குக் கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்ப முடிகிறது. அந்த எழுத்து அக்கரையிலும் எழுத்தாகவே போய்ச் சேர்வதற்குப் பின்னால், 30 ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தக் கற்றால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். அதைப் பழுது பார்க்கவும், திருத்தவும், பிறர் விட்ட இடத்திலிருந்து தொடரவும் கற்கட்டும். நட்டவர் பெயரை உலகம் நினைவில் வைக்கும். களை எடுத்தவர் பெயரை வைக்காது. ஆயினும் தோப்பு நிற்பது களை எடுத்தவரால்தான் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?