பக்கத்து இடம் காலியா?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டு வியாபாரிக்கு இன்னொரு வண்டிச் சரக்கு வந்து இறங்கினால், முதலில் பக்கத்து இடம் காலியா என்று பார்ப்பார். காலியென்றால் அங்கேயே பரத்திக்கொள்வார். இல்லையென்றால் மொத்த ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடுவார். பழைய இடத்துக்கு வந்து நிற்கும் வாடிக்கையாளர் வேறு யாருடைய ஆட்டுக்கோ விலை பேசிக்கொண்டிருப்பார். சி மொழியில், ஒதுக்கிய நினைவக இடத்தின் அளவை மாற்றித் தரும் ரீஅலாக் செய்யும் வேலை இவ்வளவுதான். ஒசூரில் நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஊர்க்காரன் கண்ணோடுதான் அதன் சரித்திரமும் படுகிறது.

யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அலாக், ஃப்ரீ என்ற இரண்டுதான் இருந்தன. இடம் வாங்கலாம், திருப்பித் தரலாம், நீட்டிக்க வழியில்லை. 1979 ஜனவரியில் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த ஏழாம் பதிப்பில் மேலாக், கேலாக், ரீஅலாக் மூன்றும் சேர்ந்தன. அந்த ரீஅலாக்கின் மூல நிரலைப் படித்தால் இன்றைக்குத் தூக்கிவாரிப்போடும். பழைய இடத்தை முதலில் விடுவித்துவிடும். அப்புறம்தான் புது இடம் கேட்கும். கிடைத்த இடம் வேறாக இருந்தால் உள்ளதை நகலெடுக்கும். ஏற்கனவே விடுவித்த இடத்தைக்கூட, நடுவில் வேறு ஒதுக்கீடு நடக்காதவரை, அதனிடம் கொடுக்கலாம் என்று கையேடே சொன்னது. சிதறிக் கிடந்த துண்டுகளை நெருக்கிச் சேர்க்க அது ஒரு தந்திரம். யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் முகவரி வெறும் 16 பிட். எட்டக்கூடியது 64 கிலோபைட். அந்த நெருக்கடியில் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை.

சி மொழிக்கான 1989இன் அமெரிக்கத் தரம் இதைத் தலைகீழாக்கியது. இடம் கிடைக்காவிட்டால் பழையது தொடப்படாமல் அப்படியே இருக்க வேண்டும். விடுவித்ததைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொறுப்பில்லை. அதோடு நின்றிருக்கலாம். வெற்றுச் சுட்டியைக் கொடுத்தால் மேலாக், பூஜ்ய அளவைக் கொடுத்தால் ஃப்ரீ என்று மூன்று வேலையை ஒரே பெயரின் தலையில் கட்டினார்கள். அந்தப் பூஜ்யம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரம் வகுக்கும் குழுவைப் படுத்தியது.

பின்னால் லினக்ஸில் எம்ரீமேப் என்ற அழைப்பு வந்தபோது ஓட்டிப் போகும் அலுப்பும் கொஞ்சம் தீர்ந்தது. பெரிய துண்டுகளுக்குத் தரவை நகலெடுக்காமல், பக்க அட்டவணையை மட்டும் மாற்றி முகவரியை நகர்த்திவிடலாம்.

தமிழ் வேலையில் இறங்கினால் ரீஅலாக் இல்லாமல் கை ஓடாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல டிஸ்கி என்ற குறியேற்றத்தில் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது. பழைய கோப்புகளை யுடிஎஃப்-8க்கு மாற்றும்போது எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரே பெருக்கலில் சொல்ல முடியாது. டிஸ்கியில் ‘கு’ 1 பைட், மாற்றினால் 6. ‘கொ’ 3 பைட். மாற்றினாலும் அதே 6. ‘ஸ்ரீ’ 1 பைட்டிலிருந்து 12க்குத் தாவும். ‘குந்தாரப்பள்ளி’ 10 பைட்டிலிருந்து 42 ஆகிறது. நடுவில் ஆங்கிலம் வந்தால் அது 1க்கு 1.

எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு மடங்கு முன்கூட்டியே பிடித்து வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பந்திக்கு வராதவனுக்கும் இலை போடுகிற ஊதாரித்தனம். இடம் தீரும்போதெல்லாம் இரட்டிப்பாக்குவேன். நூறு நூறாகக் கூட்டினால் நகலெடுப்பதிலேயே பொழுது போய்விடும். இரட்டித்தால் மொத்த நகலெடுப்பு கோப்பின் அளவை ஒட்டியே நிற்கும். கிடைத்த முகவரியைத் தனிச் சுட்டியில் வாங்கிச் சரிபார்த்த பிறகே பழையதன்மேல் எழுதுவேன். எழுத்து நின்ற இடத்தைச் சுட்டியாக வைக்காமல், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று எண்ணாகவே வைப்பேன். இடம் பெயர்ந்தாலும் எண் மாறாது.

வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க ரீஅலாக்கையே சுருக்கவும் அழைக்கிறேன். கோப்புறையில் ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுக் கோப்பு ஒன்றாவது கிடக்கும். அதற்கு அளவு பூஜ்யம். பூஜ்ய ரீஅலாக்கின் நடத்தை வரையறுக்கப்படாதது என்று சி23 தரம் முடித்துவிட்டதால், அந்த வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: எதுவும் இல்லாவிட்டாலும் 1 பைட் கேள்.