கல்லறையில் காணாமற்போன கேள்விக்குறி

1918-ஆம் ஆண்டு, நவம்பர் 11. நான்காண்டுக் காலம் ஐரோப்பாவை எரித்த பெருந்தீ அன்று அணைந்தது. இங்கிலாந்தின் ஊர்தோறும் தேவாலய மணிகள் முழங்கின. மக்கள் தெருவெங்கும் கூடி ஆடினர், பாடினர். அதே நாளில், ஷ்ரூஸ்பரி நகரத்து வீடொன்றின் வாயிலுக்குத் தந்தி வந்தது. மகன் மாண்டான் என்பதே அது கொணர்ந்த செய்தி.

அந்த மகன் வில்பிரட் ஓவன். வயது 25. போர் ஓய்வதற்கு ஏழு நாட்களுக்கு முன், நவம்பர் 4-ஆம் நாள் காலையில், பிரான்சின் வடபுலத்தில் ஓர்ஸ் என்னும் சிற்றூரருகே, கால்வாயைக் கடக்க முயன்ற படையினரோடு நின்றபோது குண்டுபட்டு வீழ்ந்தான். ஏழே நாட்கள்!

இலட்சோப இலட்சம் இளைஞர்கள் மாண்ட போரில் இந்த ஒருவனை மட்டும் நாம் ஏன் நினைக்கிறோம்? அவன் கவிஞன் என்பதாலா? ஆம், ஆனால் அது மட்டுமன்று. மாண்டவனை நினைவுகூர்வோர் அவன் வாய்ச்சொல்லையே எப்படி மாற்றிவிட முடியும் என்பதற்கு அவன் கல்லறையே சான்றாக நிற்கிறது.

ஓவன் 1893-இல் ஆஸ்வெஸ்ட்ரியில் பிறந்தான். தந்தை இரயில்வே ஊழியர். அன்னை சூசன் அழுத்தமான கிறித்தவப் பற்றாளர். இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மகன் தேறினான், உதவித்தொகை பெறும் அளவுக்கு மதிப்பெண் கிட்டவில்லை, பணமில்லை, படிப்பு நின்றது. 1911-இல் டன்ஸ்டன் என்னும் சிற்றூரில் பாதிரியாருக்கு உதவியாளனாகச் சேர்ந்தான். ஏழைகளின் குடில்தோறும் சென்றான். பசியையும் பிணியையும் கண்டான். அந்தத் துன்பத்துக்கு மாதா கோயிலில் மருந்தில்லை என்பதையும் கண்டான். 1913-இல் வெளியேறினான். ஏசுவின் அன்பு மொழியை அவன் பின்னும் மதித்தான்; அவர் பெயரால் நடந்த நிறுவனத்தோடுதான் அவன் உள்ளம் ஒட்டவில்லை.

1914-இல் போர் மூண்டது. இரு தரப்புப் பாதிரிமாரும் ஒரே ஆண்டவனிடம் வெற்றி வேண்டினர்! ஜெர்மன் சிப்பாயின் இடைவார்ப் பட்டயத்தில் 'கடவுள் நம்மோடு' என்று பொறித்திருந்தனர். எதிர்ப்புறத்து மேடைகளிலும் அதே கடவுள் தம்மோடு இருப்பதாகவே முழங்கினர். நடுவே நின்று சுட்டவனும் சுடப்பட்டவனும் இருபது வயது இளைஞர்கள்.

1915 அக்டோபரில் ஓவன் படையிற் சேர்ந்தான். 1917-இன் தொடக்கத்தில் பதுங்குகுழிக்குச் சென்றான். சேறு, உறைபனி, நச்சுப்புகை! வெடித்த குண்டொன்று அவனைத் தூக்கி எறிந்தது. சிதைந்துபோன தோழன் ஒருவனின் உடலுக்கருகே நாட்கணக்கில் கிடந்தான். நரம்பு தளர்ந்தது. எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்கே சீக்பிரிட் சசூன் என்னும் கவிஞரின் நட்பு கிடைத்தது. ஓவனின் எழுதுகோல் கூர்மை பெற்றது.

நாட்டுக்காக மாள்வது இனிது என்று பண்டை ரோமக் கவி ஹொரேஸ் பாடியதைப் பள்ளிகள் சிறுவர்க்குப் புகட்டி வந்தன. நச்சுப்புகையில் நுரையீரல் வெந்து சாகும் சிப்பாயைக் காட்டி, அந்தப் பாடம் பழம்பொய் என்றான் ஓவன். ஆபிரகாம் தன் மகனைப் பலியிட முனைந்த விவிலியக் கதையையும் எடுத்தான். அங்கே தேவதூதன் தடுக்கிறான், ஆட்டுக்கடாவைக் காட்டுகிறான், மகன் பிழைக்கிறான். ஓவனின் கவிதையிலோ கிழவன் தூதனின் சொல்லைக் கேட்கவில்லை. மகனை வெட்டுகிறான், ஐரோப்பாவின் பிள்ளைகளிற் பாதியையும் வெட்டித் தீர்க்கிறான்!

இப்படி எழுதியவன் கோழையா? அன்று. 1918-இல் அவன் மீண்டும் களம் புகுந்தான். அக்டோபர் 1-ஆம் நாள் காட்டிய தீரத்துக்காக இராணுவச் சிலுவை விருது அவனுக்கு உரியதாயிற்று. போரை அவன் பழித்தது களத்தில் நின்று, கட்டிலில் சாய்ந்துகொண்டன்று.

இனிக் கல்லறைக்கு வருவோம். பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று விதித்தது. கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பும் வாசகத்தை 66 எழுத்துக்குள் பொறிக்கலாம். சூசன் அம்மையார் மகனின் கவிதையிலிருந்தே வரிகளைத் தேர்ந்தெடுத்தார். 'முடிவு' என்பது அக்கவிதையின் தலைப்பு. மாண்ட உடல்களுக்கு வாழ்வு மீளுமா என்று அது கேட்கிறது. சாவெல்லாம் ஒழியுமா, கண்ணீரெல்லாம் துடைக்கப்படுமா என்று மீண்டும் கேட்கிறது. முதுமையும் மண்ணும் மறுமொழி கூறுகின்றன. இல்லை என்பதே அந்த மறுமொழி.

கல்லில் என்ன நேர்ந்தது? முதற் கேள்வி கேள்வியாகவே நின்றது. இரண்டாம் கேள்வியோ நடுவில் வெட்டப்பட்டது. அதன் கேள்விக்குறியும் போயிற்று. ஐயம் உறுதிமொழி ஆயிற்று. சாவு ஒழியும் என்று, ஒழியாது எனப் பாடியவனின் தலைமாட்டிலேயே எழுதப்பட்டது!

அன்னையை நாம் ஏசமாட்டோம். கடைசி விடுப்பில் மகன் விடைபெற்றபோது தாகூரின் கீதாஞ்சலி வரிகளைச் சொல்லிச் சென்றதை, 1920-இல் தாகூருக்கே மடல் எழுதித் தெரிவித்தவர் அவர். மகனின் சொல் ஒவ்வொன்றையும் நெஞ்சில் பொத்தி வைத்த தாய். ஆறுதலின்றி வாழ முடியாத துயரம் அவருடையது. ஆனால், அன்பின் கையே ஒரு கேள்வியை அழிக்கக் கூடுமானால், ஆதிக்கத்தின் கை என்னதான் செய்யாது? தாய் தன் துயருக்காகச் செய்ததை அரசுகள் தம் தேவைக்காகச் செய்கின்றன. வெற்றி விழாக்களில் முழங்குகின்றன, மலர்வளையம் வைக்கின்றன, மாண்டவன் மகிழ்ந்தே மாண்டான் என்கின்றன. மாண்டவன் மறுத்துரைக்க மாட்டான் அல்லவா?

வீரனை நினைவுகூர்வது நன்று. நாமும் தலை தாழ்த்துகிறோம். ஆயின் தாழ்த்திய தலைக்குள் சிந்தனை இருக்கட்டும். அவன் வயது என்ன? அவனை அனுப்பியவர் யார்? எதன்பொருட்டு அனுப்பினர்? அவன் என்ன எண்ணினான்? இவற்றைக் கேட்காத அஞ்சலி, அவன் வாயை இரண்டாம் முறை மூடுவதாகும்.

ஓர்ஸ் ஊர் இடுகாட்டில் ஒரு கேள்விக்குறி குறைகிறது. இளைஞர்களே, அதை நம் உள்ளத்தில் பொறித்து வைப்போம்!