இருக்கிறார், இருக்கிறது

ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் நின்று கேட்கிறோம்: "ஐயா இருக்காரா?" அடுத்து, "பட்டு நூல் இருக்கா?" வினைச்சொல் ஒன்றுதான், விகுதி மட்டும் மாறுகிறது. ஜப்பானியருக்கு இந்த இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு வினைகள் வேண்டும். மனிதர், மாடு, பூச்சி என்றால் 'இரு'. நூல், தறி, வீடு என்றால் 'அரு'. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இந்தத் தொல்லையே இல்லை. ஆளானாலும் ஆணியானாலும் 'இல் யா' என்று முடித்துவிடலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்துவிட்டார். பசுவும் கல்லும் ஒரே பக்கம். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு மட்டும் உயர்திணை முடிவு கொடுத்தார். அதனால்தான் கருவறையில் "சாமி இருக்கார்" என்கிறோம். அதே போன்ற கல் அருங்காட்சியகத்தில் நின்றால் "சிலை இருக்கு". ஜப்பானியர் பார்ப்பது, தானாக அசையுமா என்பதை. மரத்துக்கு உயிர் உண்டு, ஆனாலும் அதற்கு 'அரு'. பிணத்துக்கும் 'அரு'. ஓட்டுநரோடு தெருவில் காத்திருக்கும் டாக்சிக்கோ 'இரு' என்று சொல்வதுண்டு.

இந்தப் பிரிவு ஜப்பானில் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. அவர்களுடைய மிகப் பழைய உரைநடைக் கதைகளில் ஒன்று மூங்கில் வெட்டும் கிழவரின் கதை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையானது. அதில் கிழவரை அறிமுகம் செய்வதே 'அரு'வின் பழைய வடிவமான 'அரி'யால்தான். இன்றைய 'இரு' அந்தக் காலத்தில் 'விரு'. அதன் பொருள் உட்கார்வது. உட்கார்வது தங்குவதாகி, தங்குவது இருப்பதாகி, பல நூற்றாண்டுகளில் உயிருள்ளவற்றின் வினையாக நிலைத்தது. 'அரு' பெரும்பாலும் பொருள்களுக்கு ஒதுங்கியது.

நம் 'இரு'வும் உட்கார்ந்த சொல்தான். சாட்சி காஞ்சிபுரத்திலேயே உண்டு. 8ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்குகள். பெருமாளுக்கு மூன்று கோலங்கள்: நின்ற, இருந்த, கிடந்த. அங்கே 'இருந்த' என்றால் அமர்ந்த என்றே பொருள். 'இருக்கை' என்ற சொல்லிலும் அது மிச்சமிருக்கிறது.

ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. அப்படியானால் இரண்டும் ஒரு தாய் பிள்ளைகளா? ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் வாதாடினார். பொங்கலையும் ஜப்பானியரின் தைத்திங்கள் சடங்குகளையும் ஒப்பிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இந்தச் சொல்லை மட்டும் வைத்து நாமும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவர்கள் சொல்லின் வேர் 'வி'. 'ரு' பின்னால் ஒட்டியது. நமக்கோ 'இரு' முழுவதும் வேர். உட்காரும், நிற்கும் சொற்கள் 'இருப்ப'தாக மாறுவது உலக வழக்கம்தான். பிரெஞ்சில் 'இருந்தேன்' என்பதற்கான 'எத்தே', லத்தீனில் 'நிற்பது' என்ற வினையிலிருந்து வந்தது.

கடைசியாக ஒன்று. இல்லாததைச் சொல்லும்போதும் ஜப்பானியர் உயிருள்ளதற்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல் என்று பிரிக்கிறார்கள். பழந்தமிழிலும் இலன், இலள், இலர் என்றெல்லாம் பிரித்தார்கள். இன்று பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்லை'. நூல் தீர்ந்தாலும் இல்லை. அதை நெய்த பெரியவர் காலமானாலும் இல்லை. இருக்கும்வரைதான் அவருக்கு நம் மொழியில் தனி விகுதி. ஆகவே, மரியாதையைச் சொல்ல வேண்டியவர்களிடம் அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.