ஏற்றம் மிதிச்ச காலும் எலிப்டிகல் மிதிக்கிற காலும்

திண்டுக்கல் மாதிரி ஊர்ல இப்ப ஜிம்முக்குள்ள நுழைஞ்சா எலிப்டிகல் கிராஸ் டிரெய்னர் கண்ணுல படுது. காலுக்கு ரெண்டு பலகை, கைக்கு ரெண்டு கம்பி. எவ்வளவு மிதிச்சாலும் இருந்த இடத்துலயேதான் இருப்போம் :-) சரி, இந்த மிதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம்.

நம்ம பக்கம் கிணறு ஆழமா இருந்தா மாடு கட்டி கமலை இறைப்பாங்க. ஆழம் கம்மின்னா ஏற்றம். துலா மரத்து மேல ஆள் ஏறி இந்தக் கோடிக்கு நடந்தா சால் கிணத்துக்குள்ள இறங்கும், அந்தக் கோடிக்கு நடந்தா மேல வரும். கீழே ஒருத்தர் தண்ணியைக் கவிழ்த்து விடுவார். எத்தனை சால்னு எண்ணுறதுக்குப் பாட்டு. காலை, மூச்சு, தாளம் மூணும் ஒண்ணா ஓடும். அதை உடற்பயிற்சின்னு யாரும் சொல்லல. கூலி வேலைதானே? தவறி விழுந்தா கிணறு. 1950, 60கள்ல கரண்ட் மோட்டார் பரவினதும் ஏற்றமும் போச்சு, பாட்டும் போச்சு. போனதுக்கு அந்தக் கால்கள் அழுதிருக்காது!

இங்கிலாந்துல கதை இன்னும் மோசம். 1818 வாக்குல வில்லியம் க்யூபிட்ங்கற பொறியாளர் சிறைக்கைதிகளுக்காக படி வச்ச பெரிய சக்கரத்தைக் கொண்டு வந்தார். மணிக்கணக்கா ஏறணும், ஆனா மேல போக முடியாது. 1898ல வந்த சிறைச் சட்டத்தோடதான் அந்தத் தண்டனை ஓய்ஞ்சது. அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு, 1908ல நம்ம வ.உ.சி.யை கோவை சிறையில செக்கிழுக்க வச்சாங்க. அது வேற.

தண்டனை எப்ப மருந்தாச்சு? 1953ல ஜெரி மோரிஸ் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டார். நாள் பூரா உக்காந்திருந்த டிரைவர்களை விட, படி ஏறி இறங்குன கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. சம்பளமும் சீருடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வித்தியாசம் கால்ல. நாற்காலியே கதின்னு தட்டச்சிக்கிட்டு இருக்குற நாம எந்தக் கட்சின்னு சொல்ல வேண்டியதில்லை.

எலிப்டிகல் வந்தது 1995ல, அமெரிக்காவோட ப்ரிகார் கம்பெனி மூலமா. சூட்சுமம் எளிசு: பாதம் பலகையை விட்டு எழும்பாது, அதனால ஓடும்போது விழுற அடி முழங்காலுக்கு இல்ல. ஆனா இதயமும் நுரையீரலும் மெதுவோட்டத்துக்கு ஈடா உழைக்கும். கம்பியை இழுத்துத் தள்ளுனா தோளுக்கும் வேலை. மூட்டு வலின்னு நடையையே நிறுத்தினவங்களுக்கு, சர்க்கரைக்காரங்களுக்கு இது பெரிய விஷயம். வாரம் 150 நிமிஷம் மிதமான உழைப்பு போதும்ங்குது உலக சுகாதார நிறுவனம். குறையும் உண்டு: அடி விழாததால எலும்புக்குக் கிடைக்குற உரம் கம்மி.

ஜிம்முக்குக் காசு இல்லையா, 1605ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் ஆரம்பிச்ச மலைக்கோட்டை இருக்கு. ஹைதர் அலி படை ஏறுன பாறைப் படிதான். ஏறுறது இதயத்துக்கு நல்லது. இறங்கும்போதுதான் முட்டி பேசும், பக்கவாட்டா கால் வச்சு மெதுவா இறங்குங்க.